கோபுரத்தை விட்டு வரப்புக்கு வாருங்கள்: பேனாவும் நீர்வண்ணமும் பழக ஒரு வழி

கும்பகோணத்தில் வரையப் பழகும் யாரும் முதலில் போய் உட்காரும் இடம் ஏதாவது ஒரு கோபுரத்தின் எதிர்ப்புறம்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம். 11 நிலை. ஒவ்வொரு நிலையிலும் நெருக்கியடித்துக்கொண்டு சுதைச் சிற்பங்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து மூன்றாம் நிலை வரை ஏறினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. தாளைப் பார்த்தால் கோபுரத்தைக் காணோம். பயந்துபோன ஒருவன் எண்ணி எண்ணிப் போட்ட சின்னச் சின்னக் கோடுகள்தான் இருந்தன. பிறகு ஆறு மாதம் பேனாவைத் தொடவில்லை. உங்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேனாவால் கோடு போட்டு, அதன் மேல் நீர்வண்ணத்தைத் தண்ணீராக ஓடவிடும் முறைக்கு ஓவியர்கள் ‘பென் அண்ட் வாஷ்’ என்பார்கள். கை இளகியவர்கள் இந்த முறையில் வரைந்த படங்களைப் பார்த்தால், ஐந்து நிமிடம் கிறுக்கிவிட்டு எழுந்து போனது போல இருக்கும். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று புரிய எனக்கு நாளாயிற்று. பேனா மூடியைத் திறப்பதற்கு முன்பே, எதையெல்லாம் வரையப்போவதில்லை என்று அவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள்.

கோபுரம் புதியவரை அந்த முடிவுக்கு வரவிடாது. எதை விட்டாலும் ஒரு பூதகணம் கோபித்துக்கொள்ளும். வயல்வெளியில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு பட்டை வானம், ஒரு பட்டை பச்சை, நடுவில் ஒற்றைப் பனை. எனவே வரப்பில் தொடங்குவோம், படித்துறைக்கு வருவோம், கோபுரம் கடைசியில்.

பைக்குள் என்ன

முதலில் பேனா. ஒரே நிபந்தனை, மை காய்ந்தபின் தண்ணீர் பட்டால் கரையக் கூடாது. ‘பிக்மென்ட்’ மை என்று போட்ட மெல்லிய முனைப் பேனாக்கள் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கின்றன, 0.3 அல்லது 0.5 முனை போதும். கிடைக்காவிட்டால் சாதாரண பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையில் எண்ணெய்ப் பசை உண்டு, பெரும்பாலும் தண்ணீருக்கு அசையாது. ஜெல் பேனாவை நம்ப முடியாது. ஒன்று நிற்கும், ஒன்று ஓடும். மைப் பேனாப் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாட்டிலில் வரும் ‘இந்தியன் இங்க்’ பலவற்றில் அரக்கு கலந்திருக்கும். தொட்டு எழுதும் நிப்புக்கு அது அருமையான மை. மைப் பேனாவுக்குள் ஊற்றினால் உள்ளேயே காய்ந்து பேனாவை அடைத்துவிடும்.

எந்தப் பேனாவானாலும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். வரையப்போகும் அதே தாளில் நான்கு கோடு இழுத்து, பத்து நிமிடம் விட்டு, ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை தாராசுரம் போனேன். கல்தேர் மண்டபத்தின் சக்கரத்தையும் அதை இழுக்கும் குதிரையையும் ஒரு மணி நேரம் வரைந்தேன். வண்ணம் வைத்த நொடியில் குதிரை கரைந்து சக்கரத்துக்குள் ஓடிவிட்டது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கும் குதிரை அது.

தாள் 200 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) கனமுள்ள நீர்வண்ணத் தாளாக இருக்கட்டும். அதைவிட மெல்லியது தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளியும். 22க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்று வாங்கிப் பதினாறாக வெட்டினால், ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டு. சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கெட்டி அட்டை போட்ட, விலை உயர்ந்த ஸ்கெட்ச் புத்தகம் கையில் இருந்தால் முதல் பக்கத்தைக் கெடுக்க மனம் வராது. அப்படி ஒன்று என் அலமாரியில் இரண்டு ஆண்டாக வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெட்டிய துண்டு கெட்டால் அடுத்த துண்டு. அவற்றைச் செருகிக்கொள்ளப் பள்ளிப்பிள்ளைகளின் பரீட்சை அட்டையைவிட நல்ல பலகை கிடையாது. கிளிப்பும் அதிலேயே இருக்கிறது.

வண்ணம் மூன்று போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, லெமன் யெல்லோ. சியன்னா என்பது சுட்ட செங்கல்லின் நிறம். அதையும் நீலத்தையும் வெவ்வேறு அளவில் கலந்தால், வெயிலில் வெளிறிய கருங்கல்லிலிருந்து ஐப்பசி மேகம் வரை எல்லாச் சாம்பலும் வந்துவிடும். மஞ்சளில் துளி நீலம் விட்டால் நாற்றங்கால். அதிலேயே கொஞ்சம் சியன்னா சேர்த்தால் கதிர் சாய்ந்த சம்பா. நீலத்தைக் கூட்டிவிட்டால் பனை மட்டை. பெட்டியிலேயே வரும் தயார்ப் பச்சையை மட்டும் இந்த வயல்களின் மேல் பூசிவிடாதீர்கள். பிளாஸ்டிக் குடத்தின் நிறம் அது. நான்காவதாக ஒரு சிவப்பு வைத்துக்கொள்ளலாம், புடவைகளுக்கும் மதிலின் காவிப் பட்டைக்கும் உதவும். வெள்ளை வேண்டாம். வெள்ளை தாளில் ஏற்கெனவே இருக்கிறது.

பிரஷ் ஒன்றே ஒன்று. 8 அல்லது 10ஆம் எண், உருண்டை வகை, நனைத்தால் முனை கூராக வேண்டும். 0, 1, 2 என்ற குட்டிப் பிரஷ்களை வீட்டில் பூட்டிவிட்டு வாருங்கள். சின்னப் பிரஷ் பையில் இருந்தால் அது உங்களைச் சின்ன வேலைக்குத்தான் இழுக்கும்.

பழைய வேட்டித் துணி ஒரு முழம், தண்ணீர் பாட்டில். தண்ணீர் மறந்துவிட்டால் வாய்க்கால் இருக்கிறதே என்று நினைக்கலாம், நானும் நினைத்தேன். புது வெள்ளத்தில் அள்ளிய தண்ணீர் அது. வயலுக்குப் பூசியபோது வண்டல் ஒரு நயமான மணற்பொடித் தோற்றம் தந்தது, வானத்துக்குப் பூசியபோது வானமும் காவிரியாகிவிட்டது. பென்சிலும் ரப்பரும் வேண்டாம்.

நாட்காட்டித் தாளில் ஒரு மாதம்

வெளியே போவதற்கு முன் கை பழக வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் தினமும் ஒரு தாள் கிழிக்கிறோம். ராகுகாலம் பார்த்து முடித்ததும் அதன் பின்பக்கம் உங்களுடையது. பால்பாயின்ட் பேனாவால் ஒரு பொருள், இரண்டே நிமிடம். அதற்கு மேல் அந்தத் தாளில் இடமும் இருக்காது.

முதல் வாரம் டவரா, டம்ளர். காபி குடித்த கையோடு எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை எழுதுவது போல முனைக்குப் பக்கத்தில் பிடிக்காமல், நடுவுக்கும் மேலே தள்ளிப் பிடியுங்கள். மணிக்கட்டு தாளில் படியக் கூடாது. சுண்டுவிரல் நகம் மட்டும் தொட்டுக்கொண்டு நகரட்டும். கோடு விரலிலிருந்து வராமல் தோளிலிருந்து வரும். கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டும்.

இரண்டாம் வாரம், தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் டம்ளரின் விளிம்பில் எறும்பு போல ஊர வேண்டும், பேனா அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். முடியும்வரை தலை குனியக் கூடாது. டம்ளர் டவராவுக்கு வெளியே போய் நிற்கும், விளிம்பு மூடாது, வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து திரும்பும் அந்த இடம், நீங்கள் பார்த்துப் பார்த்து வரைந்த படங்களைவிட இதில் உயிரோடு இருக்கும். ‘டம்ளர் என்றால் இப்படித்தான்’ என்று மூளையில் இருக்கும் பொம்மையைக் கை வரைய முடியாமல், எதிரில் இருந்த டம்ளரையே வரைந்திருக்கிறது.

மூன்றாம் வாரம் குத்துவிளக்கு. பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில். தவறான இடத்துக்குப் போய்விட்டால் அங்கிருந்தே திரும்பி வாருங்கள்.

இந்த ஒற்றைக் கோட்டுப் பயிற்சியை ஒருநாள் என் அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர் வாழ்நாளில் படம் வரைந்தவர் இல்லை. பேனாவை வாங்கி, விளக்கை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடியில் தொடங்கி முகத்தைச் சுற்றி மறுபடி அடிக்கு வந்து நிறுத்தினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கு சற்றுச் சாய்ந்திருந்தது, ஆனால் கோட்டில் எங்கும் தயக்கம் இல்லை. ஐம்பது ஆண்டாக வாசலில் சிக்குக் கோலம் போட்ட கை. கோலத்தில் இடுப்பிலிருந்து குனிந்து, தோளைச் சுழற்றித்தான் இழை இழுக்க முடியும். மாவு விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருப்பதால் நடுவில் நின்று யோசித்தால் அந்த இடத்தில் குவியல் விழும். பேனாவும் அப்படித்தான், நின்றால் மை புள்ளியாக ஊறும். உங்கள் வீட்டில் கோலம் போடுகிறவர் இருந்தால், ஒருநாள் விடியற்காலை எழுந்து அவருடைய கையை மட்டும் கவனியுங்கள். இந்தப் பகுதியில் நான் சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது.

ஒரு மதகு, இருபது நிமிடம்

ஒரு மாதம் ஆகிவிட்டது, கிளம்பலாம். ஒரு படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்கிறேன். சுவாமிமலைப் பக்கம் ஒரு வாய்க்கால் மதகு. சுண்ணாம்பு அடித்த இரண்டு குட்டைச் சுவர், நடுவில் இரும்புக் கதவு, அதைத் தூக்க ஒரு திருகுக் கம்பி. பின்னால் வயல். இடதுபுறம் ஒரு பனை. காலை ஏழு மணி, வெயில் வலமிருந்து வருகிறது.

உட்கார்ந்ததும் பேனாவைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். புல், கல், விரிசல் எல்லாம் மறைந்து, மூன்றே தொனி மிஞ்சும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. மதகின் வலது சுவர் வெளிச்சம். வயலும் பனையும் நடுத்தரம். கதவுக்குக் கீழே தண்ணீர் நுழையும் பொந்து இருட்டு. அந்த இருட்டுதான் இந்தப் படத்தின் மையம் என்று நான் முடிவு செய்தேன். நீங்கள் பனையைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அடுத்து, விடப்போவது என்ன என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். மின்கம்பம் வேண்டாம். தூரத்துச் செங்கல் சூளை வேண்டாம். மதகின் மேல் யாரோ எழுதிய கட்சிப் பெயர் கண்டிப்பாக வேண்டாம்.

இப்போது கோடு. தாளின் ஓரத்திலிருந்து தொடங்காமல் மையத்திலிருந்து தொடங்குங்கள். பொந்தின் மேல் விளிம்பு, அதை ஒட்டிக் கதவு, அங்கிருந்து இடது சுவர். வெயில் படும் வலது சுவரின் மேல் விளிம்புக்குக் கோடே போடவில்லை. பின்னால் வரும் வயலின் பச்சை அதைக் காட்டிக்கொடுக்கும். பனைக்கு இரண்டு கோடு, அதில் ஒன்று பாதியில் விட்டுப்போகும். மட்டைகளுக்கு ஏழெட்டு வீச்சு, மையத்திலிருந்து வெளியே, பேனாவைத் தாளில் இருந்து பறக்கவிட்டு எடுக்க வேண்டும். தவறான கோடு விழுந்தால் பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டும் இருக்கட்டும். பார்ப்பவர் கண் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஏழு நிமிடத்தில் பேனாவை மூடிவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பாக்கி’ என்று தோன்றும்போதே மூட வேண்டும்.

வண்ணம் வைக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கோட்டுக்குள் நிறம் நிரப்பும் பழக்கம் பள்ளியிலிருந்தே வந்தது. உருவத்தைக் கோடு ஏற்கெனவே சொல்லிவிட்டது, அதையே நிறமும் ஒருமுறை ஒப்பிக்க வேண்டியதில்லை. நிறத்துக்கு வேறு வேலை இருக்கிறது: வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று சொல்வது. ஆகவே பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, தட்டில் தாராளமாக ஒரு குழம்பு கலந்து, வயலின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை பிரஷ்ஷை எடுக்காமல் இழுங்கள். கீழ் விளிம்பில் ஈரம் ஒரு முத்துச்சரம் போலத் திரண்டு நிற்கும். அந்தச் சரம் காய்வதற்குள் அதை அடுத்த வீச்சுக்கு இழுத்துவிட வேண்டும். நடுவில் துளி சியன்னாவைத் தொட்டு வைத்தால் அது தானே பரவிக்கொள்ளும். பச்சை பனையின் தண்டுக்குள் புகுந்தால் புகட்டும். மதகின் வெள்ளைச் சுவரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போங்கள், இரண்டு இடத்தில் வறண்ட தாள் தெரியட்டும்.

பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பாதி காய்ந்த நிறத்தின் மேல் ஈரப் பிரஷ் பட்டால், தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர் போல ஒரு கறையை விட்டுவிடும். அதைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று வரும். நான் கெடுத்த படங்களில் பத்துக்கு எட்டு, முடிந்தபின் திருத்தப் போய்க் கெட்டவை. ஓர் இடத்துக்கு மூன்று தொடல், அதற்கு மேல் இல்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். மீறுவதும் உண்டு.

நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும். ஈரத்தில் ‘கொஞ்சம் அழுத்தமாகிவிட்டதே’ என்று பயந்த நிறம்தான் காய்ந்தபின் சரியாக இருக்கும். முதல் பூச்சு முழுக்கக் காய்ந்ததும், நீலமும் சியன்னாவும் கலந்த கெட்டிச் சாம்பலால் நிழல்கள்: பொந்து, பனையின் இடப்பக்கம், மதகு தண்ணீரில் விழும் இடம். நிழல்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே வடிவமாகப் போடுங்கள், தனித்தனித் தீவுகளாக வேண்டாம். கடைசியில் பேனாவால் நான்கைந்து அழுத்தமான கோடு, மையத்தைச் சுற்றி மட்டும்.

கோட்டுக்குள் நிரப்பும் பழக்கம் விடவே மாட்டேன் என்றால், வரிசையை மாற்றிப்போடுவதுதான் மருந்து. முதலில் நிறம், பிறகு பேனா. மூன்று நிறத் திட்டுகளைக் குத்துமதிப்பாகப் பூசிவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் அவற்றின் மேல் மதகை வரையுங்கள். கோடே இல்லாதபோது எதற்குள் நிரப்புவீர்கள்? தாள் ஈரமாக இருக்கும்போது மட்டும் பேனாவை வைக்காதீர்கள். மை பஞ்சாகப் பரவும், முனையில் தாள் நார் சிக்கிக்கொள்ளும்.

ஆட்கள்

மதகைவிட மனிதர்கள் எளிது என்றால் நம்ப மாட்டீர்கள். டெல்டா தட்டையான நிலம் என்பதால் ஒரு சலுகை இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், அதே தரையில் நிற்கும் உங்கள் உயரத்து ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர்கள் தலை அடிவானக் கோட்டில்தான் இருக்கும். தூரத்து ஆளுக்குக் கால் மட்டும் மேலே ஏறும். வரப்பில் உட்கார்ந்துவிட்டால் அடிவானம் அவர்கள் இடுப்புக்கு இறங்கிவிடும். நடவு நடுகிறவர்களின் குனிந்த முதுகுகள் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டியே வரிசையாக நிற்கும். இது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

குனிந்து நடும் பெண்ணுக்கு ஒரு கவிழ்ந்த ‘ப’ போன்ற வளைவு. முதுகு ஒரு வீச்சு, கால் ஒரு வீச்சு, கை ஒரு வீச்சு. முகம் வேண்டாம், விரல் வேண்டாம். தலையை நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாகப் போடுங்கள். புடவைக்கு ஒரு சொட்டு நிறம், அது கீழே வழிந்து சேற்றுத் தண்ணீரில் கலந்தால் அதுவே பிரதிபலிப்பு. அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள் என்று கவலைப்படாதீர்கள். நடவு ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவது. ஒருவர் நிமிர்ந்தால் பக்கத்தில் குனிகிறவரைப் பார்த்து மீதியை முடித்துக்கொள்ளலாம். படித்துறையில் துணி துவைப்பவர்களும் அப்படியே.

வரப்பில் ஒருவர் பலகையோடு உட்கார்ந்து நிலத்தை உற்று உற்றுப் பார்த்தால் ஊர்க்காரர்கள் வந்து கேட்கத்தான் செய்வார்கள். அளக்க வந்தவரா, சாலை வரப்போகிறதா, எந்த இலாகா? நியாயமான கவலை. படத்தைக் காட்டிவிடுங்கள். இரண்டு நிமிடத்தில், பனை கொஞ்சம் குட்டையாகிவிட்டது என்ற விமர்சனமும் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

மார்கழியும் சித்திரையும்

வண்ணம் காயும் நேரத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லை, மாதம். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் பிரஷ் தாளைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடும், வீச்சின் ஓரமெல்லாம் கெட்டிக் கோடு விழும். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து நனைத்துக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து, பெரிய வீச்சாக முடித்துவிடுங்கள். மார்கழிப் பனியில் அதற்கு நேர்மாறு, அரை மணி ஆனாலும் காயாது. அப்போது தண்ணீரைக் குறைத்து நிறத்தைக் கூட்டுங்கள், அல்லது ஒரே பூச்சோடு நிறுத்தி, ஈரத்திலேயே நிறங்கள் கலக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பனி மூடிய வயலுக்கு அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்டபத் தூண்களுக்கு இடையில் இடம் பிடியுங்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன.

நிலமும் மாறிக்கொண்டே இருக்கும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கம். அதன்பின் வாய்க்கால்கள் நிறையத் தொடங்கும். நாற்றுப் பச்சை, நட்ட வயலில் வானத்தின் பிரதிபலிப்பு, தைக்குப் பொன்நிறம், அறுவடை முடிந்ததும் அடிக்கட்டைகளுக்கு நடுவே உளுந்தும் பயறும். பொறுமை இருந்தால் அதே மதகை ஆண்டுக்கு ஆறுமுறை வரையுங்கள். நான்காவது முறை மதகு உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், கை தானாக இளகும்.

இனி கோபுரம்

இப்போது தஞ்சாவூருக்குப் போகலாம். 1010இல் முடிந்த பெரிய கோயில் விமானம், சுமார் 216 அடி. கோயில் கிழக்கு நோக்கியது. காலையில் போனால் முகப்பில் வெயில் விழுந்து ஒவ்வொரு மாடமும் ‘என்னை வரை’ என்று கூப்பிடும். புதியவர்கள் மாலையில் போகவேண்டும். ஐந்து மணிக்கு மேல் நந்தி மண்டபத்தின் பக்கம் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். விவரமெல்லாம் இருட்டில் கரைந்து, ஒரே நிழலுருவம் மிஞ்சும். கல்தரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை அப்போதும் விட்டிருக்காது, செருப்பும் வெளியே விட்டு வந்திருப்பீர்கள். மடித்த துண்டு ஒன்று கொண்டுபோங்கள்.

பேனாவைக் கைநீட்டிப் பிடித்து, உயரத்தையும் அடி அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு சரிவுக் கோடு. இந்த விமானத்தின் சரிவு ஏறக்குறைய நேராக ஏறும். பிற்காலக் கோபுரங்கள் பலவற்றில் அது மெல்ல உள்வளைந்து போகும். அந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால், சிற்பம் ஒன்றுகூட இல்லாமலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். நிலைகளை எண்ணாதீர்கள். நிலைக்கு நிலை விழும் நிழலைக் கிடைக்கோடுகளாக விட்டு விட்டுப் போடுங்கள், மேலே போகப் போக நெருக்கமாக. ஒரே ஓர் இடத்தில், உச்சிச் சிகரத்துக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவு பரப்பில் மட்டும், கண்ணுக்குத் தெரிவதை ஆசைதீர வரையுங்கள். மீதி இடமெல்லாம் வெறும் நெளிவும் புள்ளியும் போதும். அந்த ஒரு நக அளவைப் பார்த்த கண், மற்ற இடத்திலும் சிற்பம் இருப்பதாகத் தானே எண்ணிக்கொள்ளும்.

வண்ணம் ஒரே ஒரு பூச்சு. சிகரத்தில் சியன்னா தூக்கலாகத் தொடங்கி, கீழே வர வர நீலத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, அடியில் மதிலோடும் மரங்களோடும் கலக்க விடுங்கள். அடித்தளத்துக்குக் கோடு வேண்டாம்.

தஞ்சாவூர் பாணிப் படங்களின் ஊர் இது. பலகையில் தங்கத் தகடு ஒட்டி, கல் பதித்து, நாள்கணக்கில் உழைக்கும் அந்தக் கலைக்குப் பொறுமைதான் உயிர். அதை வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உங்கள் படம் முடியாத படமாகத்தான் தெரியும். ‘எப்போது முடிப்பீர்கள்?’ என்று கேட்பார்கள். முடிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டார்கள், அதனால் குற்றமில்லை.

எழுந்திருக்குமுன் ஓரத்தில் ஊர், தேதி, நேரம் மூன்றையும் எழுதிவிடுங்கள். ஈரம் போகாத படத்தைப் பைக்குள் வைக்காதீர்கள், மடியில் திறந்தபடியே பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னலோர இடம் கிடைத்தால் அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் காய்ந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரர் கழுத்தை நீட்டி, ‘பெரிய கோயில்தானே?’ என்று கேட்டால் அன்றைய வேலை நல்லபடியாக நடந்திருக்கிறது. ‘இது என்ன மலை?’ என்று கேட்டால் அடுத்த சனிக்கிழமை மறுபடி போகவேண்டும். நான் நான்கு சனிக்கிழமை போனேன்.